586 என்று எழுதச் சொன்னேன்



இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படிக்கலாம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு மாணவனுக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி இது. எல்லாரும் இருக்கிற இடத்தில் வைத்து அவன் வாயை அடைத்தேன். அதனால் எல்லாரும் இருக்கிற இடத்திலேயே பதிலும் சொல்ல நினைக்கிறேன்.

1989-ஆம் வருடம், ஒன்பதாம் வகுப்பு. பண்டைய மேற்கு ஆசியா பாடம். கரும்பலகையில் ஒரு காலக்கோடு வரைந்து, அதன் கடைசியில் "கி.மு. 586 – தாவீதின் அரச மரபு முடிவு" என்று எழுதினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். சபை ஊழியம் செய்கிறவரின் மகன். "சார், தாவீதோட சிங்காசனம் என்னைக்கும் நிலைச்சிருக்கும்னு கடவுள் வாக்குக் கொடுத்ததா வேதத்துல இருக்கு. நீங்க முடிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. எது சார் சரி?"

நல்ல கேள்வி. ஆனால் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லுகிற தைரியமும் அப்போது இல்லை. "ஏல, பரீட்சையில 586-னு எழுது. கோயில்ல வேற மாதிரி நம்பிக்கோ. உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க என் பாடத்தில் அவன் கை தூக்கவே இல்லை.

போன மாதம் பழைய மாணவர் சந்திப்புக்கு வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், 586" என்று சொல்லிச் சிரித்தான். மனதில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் பழைய கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போய் அவருடைய வேதாகமத்தை இரவல் வாங்கி வந்தேன். நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. நான்கு வாரமாக நான் சாமுவேல் ஆகமத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். பரவாயில்லை.

தம்பி, உன் கேள்வி பிறந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாம் சாமுவேல் ஏழாம் அதிகாரம். கி.மு. 1000-ஐ ஒட்டிய காலம். தாவீது எப்ரோனில் ஏழு வருடம் ஆண்டுவிட்டு எருசலேமைப் பிடித்துத் தலைநகராக்கிவிட்டான். கேதுரு மரத்தால் அரண்மனை கட்டியாயிற்று. நாத்தான் என்ற தீர்க்கதரிசியைக் கூப்பிட்டு, நான் மர வீட்டில் இருக்கிறேன், கடவுளின் பெட்டியோ கூடாரத்தில் இருக்கிறதே, அவருக்கு ஒரு வீடு கட்டப் போகிறேன் என்கிறான். அன்று ராத்திரி வந்த பதில் தலைகீழாக இருக்கிறது: நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நான்தான் உனக்கு வீடு கட்டுவேன். எபிரேயத்தில் 'பயித்' என்றால் கல்லும் மரமும் வைத்துக் கட்டுகிற வீடு, குடும்பம், வம்சம், கோயில் எல்லாமே. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால் யாரும் சுவரைப் பற்றிப் பதில் சொல்வதில்லை அல்லவா? அந்த ஒரு சொல்லின் மேல்தான் மொத்த வாக்குறுதியும் நிற்கிறது. உன் மகன் தப்பு செய்தால் அடித்துத் திருத்துவேன், சவுலைத் தள்ளியதுபோல் அவனைத் தள்ள மாட்டேன், உன் வீடும் அரசும் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்கிறது அது.

இதைத்தான் உடன்படிக்கை என்கிறார்கள். வரலாற்று வகுப்பில் நாம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை, 1792 என்று படித்தோமே, அதே சொல்தான். திப்புவின் உடன்படிக்கையில் தோற்றவன் என்ன கொடுக்க வேண்டும் என்று பட்டியல் இருந்தது. தாவீதுக்குக் கொடுத்ததில் அப்படிப் பட்டியல் எதுவும் இல்லை. மோஷே வெயின்ஃபெல்ட் என்ற அறிஞர் 1970-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பண்டைய மேற்கு ஆசியாவில் இரண்டு வகை இருந்ததாம். அடங்கிய அரசன் பேரரசனுக்கு எழுதிக் கொடுப்பது ஒரு வகை. உண்மையாக உழைத்தவனுக்கு அரசன் மானியமாக எழுதிக் கொடுப்பது இன்னொரு வகை. தாவீதின் உடன்படிக்கை இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்றார். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் பேரரசன் ஒருவன் உல்மி-தேஷுப் என்ற சிற்றரசனுக்கு எழுதிக் கொடுத்ததை அவர் எடுத்துக் காட்டுகிறார். உன் மகன் குற்றம் செய்தால் அவனை விசாரித்துத் தண்டிப்போம், ஆனால் உன் வீட்டையும் நிலத்தையும் உன் வம்சத்திடமிருந்து எடுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். நாத்தான் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்!

நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தானம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லும் என்று வருமே. 89-ஆம் சங்கீதத்தில் தாவீதின் சிங்காசனத்துக்கும் சூரியனும் சந்திரனும்தான் சாட்சி. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகச் சொல்ல வரவில்லை. என்றென்றைக்கும் என்று எழுத நினைக்கிறவன் எந்த ஊரிலும் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறான் போலிருக்கிறது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். அதே வேதாகமத்தில், இராஜாக்கள் ஆகமத்திலும் 132-ஆம் சங்கீதத்திலும், "உன் பிள்ளைகள் என் வழியில் நடந்தால்" என்ற நிபந்தனையோடு இதே வாக்கு வருகிறது. ஓரிடத்தில் நிபந்தனை இல்லை, இன்னோரிடத்தில் இருக்கிறது. தொகுத்தவர்கள் இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். வரலாற்று வாத்தியாருக்கு அது பிடித்திருக்கிறது. முரண்பாட்டை மறைக்காத ஆவணத்தைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம் என்பது என் அனுபவம்.

சாலொமோனுக்குப் பிறகு, கி.மு. 930-ஐ ஒட்டி நாடு இரண்டாக உடைந்தது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. வடக்கே சுமார் இருநூறு வருடத்தில் பத்தொன்பது அரசர்கள், அதுவும் பல குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவனை வெட்டி இன்னொருவன் உட்கார்ந்தான். சிம்ரி என்பவன் ஆண்டது ஏழே நாள். கி.மு. 722-இல் அசீரியர்கள் வந்து வடக்கை முடித்தார்கள். தெற்கிலோ ரெகொபெயாம் முதல் சிதேக்கியா வரை பத்தொன்பது பேர், எல்லாரும் தாவீதின் வீட்டார். தாவீதிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய நானூறு வருடம் ஒரே குடும்பம். இடையில் ஒரே ஒரு முறை அந்த நூல் அறுந்துபோகப் பார்த்தது.

அந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். அகசியா என்ற யூதா அரசன் கொல்லப்பட்டான். அவன் தாய் அத்தாலியாள் வடக்கத்திய அரச குடும்பத்துப் பெண். மகன் செத்த செய்தி கேட்டதும் அரச வம்சத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கொல்லச் சொல்லிவிட்டுத் தானே ஆள உட்கார்ந்தாள். செத்தவர்களில் அவளுடைய பேரன்களும் உண்டு. அகசியாவின் சகோதரி யோசேபாள் ஒரு கைக்குழந்தையை மட்டும் அதன் தாதியோடு தூக்கிக்கொண்டுபோய் ஆலயத்தில் ஒளித்து வைத்தாள். ஆறு வருடம்! ஏழாம் வருடம் ஆசாரியன் யோய்தா காவலர்களை நிறுத்தி, அந்த ஏழு வயதுப் பிள்ளை யோவாசுக்கு முடிசூட்டினான். என்றென்றைக்கும் என்று சொன்ன வாக்குறுதி ஆறு வருடம் ஓர் அத்தையின் கையில் இருந்திருக்கிறது.

இது வெறும் கதை, தாவீது என்று ஒருவனே இருந்ததில்லை என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்லி வந்தார்கள். உன் வகுப்பு முடிந்து நான்கு வருடம் கழித்து, 1993 ஜூலையில், இஸ்ரேலின் வடக்கே தெல் தான் என்ற மேட்டில் அவிரகாம் பிரான் தலைமையில் நடந்த அகழாய்வில், சுவரில் வைத்துக் கட்டியிருந்த ஒரு கருங்கல் துண்டைக் கீலா குக் என்ற நில அளவையாளர் கண்டார். மறு வருடம் இன்னும் இரண்டு துண்டுகள் கிடைத்தன. அரமேய மொழி, கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. சிரியா தேசத்து அரசன் ஒருவன், பெரும்பாலோர் கருத்தில் அசகேல், தன் வெற்றியைப் பீற்றிக்கொள்கிற கல் அது. இஸ்ரவேல் அரசனையும் 'தாவீதின் வீட்டு' அரசனையும் கொன்றதாகச் சொல்கிறது. 'பயித் தாவித்'. அதே வீடு என்ற சொல்! அந்த எழுத்துகளை வேறு விதமாகப் படிப்பவர்களும் இருந்தார்கள். இன்று பெரும்பாலான அறிஞர்கள் தாவீதின் வீடு என்றே படிக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லில் அரசர்களின் பெயர்கள் பாதி உடைந்திருக்கின்றன. மிஞ்சிய எழுத்துகளை வைத்து நிரப்பினால் யூதா அரசனின் பெயர் அகசியா என்று வருகிறது. ஆமாம், அத்தாலியாளின் மகன். வேதாகமத்தின்படி அவனைக் கொன்றது யெகூ. கல்லின்படி சிரியா தேசத்தான். யார் கொன்றார்கள் என்பதில்தான் சண்டை, செத்தது அதே ஆள். நான் வேலையில் இருந்தபோதே இந்தக் கல் வெளிவந்துவிட்டது. தேடிப் படித்து அடுத்த வகுப்புகளுக்கு நான் சொல்லவில்லை. அதுவும் என் பாக்கிதான்.

இனி 586. அதற்குப் பதினொரு வருடம் முன்பு, கி.மு. 597-இல், பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். அப்போது அரசன் யோயாக்கீன். பதினெட்டு வயது, ஆண்டது மூன்றே மாதம். தாய், மனைவிமார், அதிகாரிகள், கொல்லர், தச்சர் எல்லாரோடும் அவனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். அவன் சிற்றப்பன் சிதேக்கியாவை ஆட்டுவிக்கும் அரசனாக உட்கார வைத்தார்கள். பாபிலோனியரின் சொந்தக் குறிப்பேடே இந்த முற்றுகையைச் சொல்கிறது. அந்தக் களிமண் பலகை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிதேக்கியாவும் கலகம் செய்தான். 586-இல் நகரமும் ஆலயமும் எரிந்தன. அவன் பிள்ளைகளை அவன் கண் முன்னே வெட்டிவிட்டு, பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

நான் கரும்பலகையில் "முடிவு" என்று எழுதியது இந்த இடத்தில்தான். சிங்காசனம் முடிந்தது, உண்மை. ஆனால் 'வீடு' என்ன ஆயிற்று என்று அடுத்த பக்கத்தைத் திருப்பி நான் பார்க்கவில்லை.

ஜெர்மானியரான ராபர்ட் கோல்டெவே 1899 முதல் 1917 வரை பாபிலோனில் தோண்டினார். நேபுகாத்நேச்சாரின் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகள் பெர்லினுக்குப் போயின. அவற்றில் சிலவற்றை எர்ன்ஸ்ட் வைட்னர் படித்து 1939-இல் வெளியிட்டார். எல்லாம் ரேஷன் கணக்கு. அரண்மனையில் படி வாங்குகிறவர்களின் பட்டியலில் யூதா தேசத்து அரசன் யோயாக்கீனுக்கு எண்ணெய் என்று இருக்கிறது. அவன் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டரை 'சிலா'. ஒரு சிலா என்பது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

இந்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எதிரியின் அரண்மனைக் குமாஸ்தா ஒருவன், வாக்குறுதி எதுவும் தெரியாதவன், எண்ணெய்க் கணக்கு எழுதுகிறான். சிறைப்பட்டவனை இன்னும் அரசன் என்றே எழுதுகிறான். பிள்ளைகள் ஐந்து பேர் என்று எண்ணியும் வைக்கிறான். எரேமியா தீர்க்கதரிசி இந்த யோயாக்கீனைப் பற்றி, இவன் கடவுளின் வலது கையில் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறியப்படுவான், பிள்ளையற்றவன் என்று எழுதுங்கள், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்கார மாட்டான் என்று கடுமையாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இருந்தார்கள். சிங்காசனத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

முப்பத்தேழாம் வருடம் புதிய பாபிலோன் அரசன் அவனை விடுவித்து, சிறை உடையை மாற்றி, தன் பந்தியில் சாப்பிட வைத்தான். இராஜாக்கள் ஆகமம் அந்தச் சாப்பாட்டோடு முடிகிறது.

எழுபது வருடம் போயிற்று. பாரசீகர்கள் வந்தார்கள். யோயாக்கீனின் பேரன் செருபாபேல் எருசலேமுக்கு ஆளுநராக வந்தான். கவனியுங்கள், ஆளுநர், அரசன் அல்ல. கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி அவனைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். பாட்டனிடமிருந்து கழற்றிய அதே மோதிரம்! ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். ஆனால் கட்டி முடித்த செய்தியில் செருபாபேலின் பெயர் இல்லை. அதன் பிறகு வரலாற்றிலும் அவனைக் காணோம்.

பிறகு எருசலேமில் அரசர்கள் வந்தார்கள், ஆனால் தாவீதின் வீட்டார் வரவில்லை. மக்கபேயர் வழியில் வந்த ஆசாரியக் குடும்பம் முடியெடுத்துக்கொண்டது. அதைப் பிடிக்காதவர்கள், தாவீதின் மகன் ஒருவன் வருவான் என்று ஏக்கத்தோடு பாடல் எழுதினார்கள். கி.மு. 40-இல் ரோம் செனட் ஏரோதுக்கு யூதர்களின் அரசன் என்ற பட்டம் கொடுத்தது. அவன் ஏதோமியக் குடும்பத்தான்.

அந்த ஏரோது காலத்தில் பிறந்தவர் இயேசு. தாவீதின் குமாரன் இவரே, வாக்குறுதி இவரில் நிறைவேறிற்று, அரசு இந்த உலகத்துக்குரியது அல்ல என்பது கிறிஸ்தவர்களின் பதில். மத்தேயு தன் வம்ச வரலாற்றைப் பதினான்கு பதினான்காக மூன்று முறை அடுக்குகிறார். எபிரேய எழுத்துக்கணக்கில் தாவீது என்ற பெயரின் கூட்டுத்தொகை பதினான்கு. எரேமியா தள்ளிய யோயாக்கீனும் அந்தப் பட்டியலில் எகொனியா என்ற பெயரில் இருக்கிறான். லூக்காவோ சாலொமோனை விட்டுவிட்டு, தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாகப் போகிறார். யூதர்களின் பதில் வேறு: வாக்குறுதி இன்னும் நிறைவேறவில்லை, வருவார். தினசரி ஜெபத்திலேயே தாவீதின் தளிரைத் துளிர்க்கச் செய்யும் என்று கேட்கிறார்கள். பாபிலோனில் தங்கிவிட்ட யூதர்களின் தலைவர்கள் யோயாக்கீன் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிப் பல நூற்றாண்டு மதிப்போடு இருந்தார்கள்.

எத்தியோப்பியாவும் உண்டு. அங்கே அரச குடும்பம் சாலொமோனுக்கும் சேபா நாட்டு ராணிக்கும் பிறந்த மெனெலிக் வழி வந்தது என்று 1955-ஆம் வருட அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1974 செப்டம்பர் 12-இல் பேரரசர் ஹெய்லி செலாசியை ராணுவத்தினர் அரண்மனையிலிருந்து ஒரு ஃபோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது நான் கல்லூரி மாணவன். டீக்கடை ரேடியோவில் செய்தி கேட்டேன். அதற்கும் தாவீதுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது.

தம்பி, எது நிறைவேற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அதற்கு உன் அப்பா இருந்தார். ஆனால் "எது சார் சரி" என்று நீ கேட்ட கேள்வியை வேதாகமமே உனக்கு முன்பு கேட்டுவிட்டது. 89-ஆம் சங்கீதத்தைத் திறந்து பார். முப்பத்தேழு வசனம் வரை சூரியன், சந்திரன், என்றென்றைக்கும் என்று வாக்குறுதியைப் பாடுகிறது. முப்பத்தெட்டாம் வசனத்தில் ஒரேயடியாகத் திரும்புகிறது. நீர் தள்ளிவிட்டீரே, உடன்படிக்கையை முறித்தீரே, கிரீடத்தைத் தரையில் தள்ளினீரே, ஆணையிட்டதெல்லாம் எங்கே என்று கடவுளிடமே சண்டை போடுகிறது. பதில் வராமலே முடிகிறது. அதைக் கிழித்துப் போடாமல் ஆலயத்தில் பாடுகிற புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கீதக்காரனை யாரும் "உட்காரு" என்று சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. ஹெகெசிப்பஸ் என்ற இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் சொன்னதாக யூசேபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ரோமப் பேரரசன் டொமிஷியன் காலத்தில், தாவீதின் வம்சத்தார் இருக்கிறார்கள், ஆபத்து என்று யாரோ கோள் மூட்டினார்கள். இயேசுவின் சகோதரன் யூதாவின் பேரன்கள் இரண்டு பேரைப் பேரரசன் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாவீதின் வம்சமா என்று கேட்டான். ஆமாம் என்றார்கள். சொத்து எவ்வளவு என்றான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் தெனாரியு மதிப்பு, அதுவும் பணமாக இல்லை, முப்பத்தொன்பது பிளெத்ரா நிலம், அதில் நாங்களே உழைத்து வரி கட்டுகிறோம் என்றார்கள். உள்ளங்கைகளை நீட்டிக் காட்டினார்கள். மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய கைகள். பேரரசன் பார்த்தான், இவர்களால் ஒன்றும் ஆகாது என்று அலட்சியமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டான். 586-க்குப் பிறகு ஏறக்குறைய 680 வருடம் கழித்து இது.

அன்றைக்குக் கரும்பலகையில் "எருசலேம் வீழ்ச்சி" என்று எழுதியிருக்க வேண்டும். "முடிவு" என்று எழுதியது என் தப்பு. அந்த வரியை உன் நோட்டில் அடித்துத் திருத்திக்கொள்.

ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. கணக்கு வாத்தியாரின் வேதாகமத்தைத் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும். நீயும் கூட வந்தால் நன்றாயிருக்கும். உன் அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியுமாம்.